மலைப்பூ பார்க்க மே மாதம் வேண்டாம், ஆடியில் கிளம்புங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மே மாதம் பாப்பாவுக்கு லீவு. இமயமலையில் பூவாகவே இருக்கும் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசை. நான், வீட்டுக்காரம்மா, ஏழாவது படிக்கும் மகள், அறுபத்தைந்து வயதான அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. எப்படித் திட்டம் போடுவதுங்க?"

முதலில் அந்த மே மாதத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்பது உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டத்தில் இருக்கும் பூப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. அதன் வாசலைத் திறப்பதே ஜூன் 1-ஆம் தேதிதான். அக்டோபர் 31-ல் மூடிவிடுவார்கள். மே மாதம் அங்கே பனிதான் கிடக்கும். ஜூன் முதல் வாரத்தில் போனால் உருகும் பனியின் ஓரத்தில் பிரிமுலா போன்ற சில பூக்கள் தலைகாட்டும், அவ்வளவுதான். படத்தில் பார்த்த மாதிரி கண்ணுக்கு எட்டிய மட்டும் பூ வேண்டும் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உள்ள நாட்கள்தான். நம் கணக்கில் அது அப்படியே ஆடி மாதம்.

நம் பக்கத்தில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், புதுமனை புக மாட்டார்கள். பத்து நாள் ஊரில் இல்லை என்றால் சொந்தபந்தத்தில் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பதினெட்டாம் பெருக்கை முடித்துவிட்டு அடுத்த வாரம் கிளம்பினால் ஆகஸ்ட் 15 விடுமுறையும் கூடச் சேர்ந்துவரும். பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்க வேண்டியிருக்கும். கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஒரு வாரப் பாடத்தைப் பிறகு சொல்லிக்கொடுத்துவிடலாம். காலாண்டு விடுமுறை வரைக்கும் பொறுத்து செப்டம்பர் கடைசியில் போனால் பூவெல்லாம் விதையாகி, பள்ளத்தாக்கு பழுத்துப் பழுப்பாகிக் கிடக்கும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் பிள்ளைக்கு நீங்கள் காட்ட நினைத்தது அதுவல்ல.

ஏன் இவ்வளவு குறுகிய காலம் என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபமாகிவிடும். இமயமலையின் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தோடு மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே புல்லும் சிறு செடிகளும்தான். பனி உருகுவதற்கும் அடுத்த பனி விழுவதற்கும் இடையில் அந்தச் செடிகளுக்கு நான்கு மாதம் கிடைத்தாலே பெரிது. முளைத்து, இலை விட்டு, பூத்து, வண்டையும் தேனீயையும் வரவழைத்து, விதை முற்றி உதிர்த்துவிட வேண்டும். நம் ஊர்ச் செடி மாதிரி ஒன்று சித்திரையில், ஒன்று ஐப்பசியில் என்று நேரம் பார்த்துப் பூக்க அங்கே வழியில்லை. எல்லாம் ஒன்றாகப் பூக்கின்றன. அந்தக் கூட்டத்தில் பூச்சியின் கண்ணில் பட வேண்டுமே என்றுதான் பல செடிகள் தண்டுக்குப் பொருந்தாத பெரிய பூவாகவும் அடர்ந்த நிறமாகவும் பூக்கின்றன.

அந்த நான்கு மாதத்துக்குள்ளும் வாரத்துக்கு வாரம் நிறம் மாறும். ஜூலை முன்பாதியில் தரையை ஒட்டிய சிறு பூக்கள் அதிகம். செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டியிருக்காது, பாறையும் ஓடையும் தெளிவாகத் தெரியும். ஜூலை கடைசியில் ஜெரேனியம், சிவப்புப் பொட்டென்டில்லா, பெடிகுலாரிஸ் என்று கலவையாக வரும். ஆகஸ்டில் செடிகள் ஆள் உயரத்துக்கு எழுந்துவிடும், பள்ளத்தாக்கே இளஞ்சிவப்பாகும். எனக்குப் பிடித்தது ஜூலை கடைசி வாரமும் ஆகஸ்ட் முதல் வாரமும்தான். வகைகளை அதிகம் பார்க்கலாம். ஒரே நிறமாகப் பரந்து கிடக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம்.

அந்த ஆகஸ்ட் இளஞ்சிவப்பு உங்கள் மகளுக்குப் புதிது அல்ல. நம் வாசல்களில் வளரும் காசித்தும்பையின் உறவுதான் அது. இம்பேஷன்ஸ் சல்காட்டா என்பது அதன் தாவரப் பெயர். தொட்டியில் முழங்கால் உயரம் நிற்கும் காசித்தும்பையைப் பார்த்த கண்ணுக்கு, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அதே குடும்பத்துச் செடி ஆயிரக்கணக்கில் நிற்பது ஆச்சரியமாக இருக்கும். பூவைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பை மாதிரி உப்பி, நுனி கொக்கியாக வளைந்திருக்கும். தேன் அந்த நுனியில்தான். உள்ளே தலையை நுழைக்கும் தேனீயின் முதுகில் மகரந்தம் பூசிவிடும்படி மகரந்தப்பை மேலே அமைந்திருக்கும். முற்றிய காய் விரல் பட்டாலே வெடித்துச் சுருண்டு விதையைத் தெறிக்கவிடும். வீட்டுச் செடியில் காயை வெடிக்கவைத்து விளையாடியிருப்பாள். பூங்காவுக்குள் தொடக் கூடாது. மழைத்துளி விழுந்து தானாகவே வெடிப்பதைப் பார்க்கலாம், கொஞ்சம் நின்று கவனித்தால் போதும்.

வெளியுலகத்துக்கு இந்த இடம் தெரிந்தது 1931-ல். ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரும் அவர் தோழர்களும் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும்போது மழையிலும் மூட்டத்திலும் இந்தப் பக்கம் இறங்கினார்கள். 1937-ல் ஸ்மைத் பூக்களுக்காகவே மறுபடி வந்து தங்கினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய புத்தகத்தால்தான் இந்தப் பெயர் பரவியது. 1939-ல் செடிகள் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி சரிவில் வழுக்கி விழுந்து இங்கேயே இறந்துபோனார். அவருடைய சகோதரி நட்ட நினைவுக்கல் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது; பலரும் அதுவரை நடந்துபோய்த் திரும்புவார்கள். 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. 2005-ல் நந்தாதேவியோடு சேர்த்து உலகப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ அறிவித்தது. பூங்கா ஆவதற்கு முன் பக்கத்துக் கிராமத்தார் கோடையில் ஆடு மேய்த்த நிலம் இது. மேய்ச்சலை நிறுத்திய பிறகு போலிகோனம் என்ற உயரமான செடி மற்ற பூக்களை நெருக்கிக்கொண்டு படர்ந்தது. வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மேய்ச்சல் இருந்திருந்தால் இப்படிப் படர்ந்திருக்குமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வேலி கட்டிய மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேய்த்துப் புல்லைக் காப்பாற்றி வரும் நம் காங்கயம் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் உடனே புரியும்.

சரி, இனிப் பயணம். கோயம்புத்தூரிலிருந்து டில்லிக்கு விமானம், அங்கிருந்து டேராடூன் ஜாலி கிராண்ட் விமான நிலையம், அப்புறம் காரில் ரிஷிகேஷ். ஒரே நாளில் முடியும். ரயிலில்தான் போக வேண்டும் என்றால் கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் நம் வழியாக டில்லி போகிறது. கோவையிலிருந்து டில்லி நிஜாமுதீனுக்கு வாரம் ஒருமுறை கொங்கு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரண்டு இரவு ரயிலில் கழியும். டில்லியிலிருந்து ஹரித்வாருக்கு நிறைய ரயில்கள். அம்மாவையும் கூட்டிப்போவதால் போகும்போது விமானமே நல்லது. உடம்பில் தெம்பு இருக்கும்போது மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

ரிஷிகேஷில் இரவு தங்கி, விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி ஏறுங்கள். அங்கிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நம் சேலம் பைபாஸ் கணக்கில் நாலு மணி நேரம் என்று நினைக்காதீர்கள். ஒரு பகல் முழுக்கப் போகும். தேவப்பிரயாகை, உத்தராகண்ட் ஸ்ரீநகர், ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, சமோலி என்று ஆற்றை ஒட்டியே ஏறும் சாலை. இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடமாட்டார்கள், ஓட்டவும் கூடாது. ஜோஷிமட் 1,900 மீட்டருக்குப் பக்கம். அங்கே ஓர் இரவு தூங்குவது உடம்புக்கு அவசியம். நாம் முந்நூறு மீட்டர் உயரத்தில் வாழ்கிறவர்கள், ஒரே மூச்சில் மூவாயிரத்துக்குப் போனால் தலைவலியும் வாந்தியும் வரும்.

மறுநாள் காலையில் இருபது கிலோமீட்டர் தள்ளி கோவிந்த்காட். அங்கிருந்து புல்னா வரைக்கும் நாலு கிலோமீட்டருக்கு ஜீப் போகும். புல்னாவிலிருந்து காங்கரியா என்ற ஊருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் ஏற்றம். நடப்பவர்களுக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் ஆகும். கோவேறு கழுதை கிடைக்கும். முதுகில் கூடை கட்டி ஆளைத் தூக்கிப்போகும் கண்டிக்காரர்களும் இருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் கோவிந்த்காட்டிலிருந்து ஹெலிகாப்டரும் உண்டு, ஆனால் ஆடி மாதத்தில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மூட்டம் இறங்கினால் பறக்காது.

காங்கரியா 3,050 மீட்டர். லாட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளும் குருத்வாராவும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சின்ன ஊர். பூங்காவுக்குள் கூடாரம் போடவோ இரவு தங்கவோ அனுமதி கிடையாது. எல்லோரும் இங்கே தங்கித்தான் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். ஏழு மணிக்கு வாசல் திறக்கும், ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். முதல் ஆளாக உள்ளே போங்கள். இந்த மாதங்களில் பத்துப் பதினொரு மணிக்கு மேல் மேகம் இறங்க ஆரம்பிக்கும். புஷ்பவதி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு செங்குத்தான ஏற்றம். அதில் மூச்சு வாங்கிப் பாதிப் பேர் சோர்ந்துபோவார்கள். அதைத் தாண்டினால் எட்டு கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டர் அகலமுமாகப் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும், பிறகு நடை சுலபம்தான்.

பள்ளத்தாக்குக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அன்று மழை பிடித்துக்கொண்டால் குடைக்குள் இருந்தபடியே திரும்ப வேண்டியதுதான். இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் வந்து, அந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டு நாளும் வெயில் அடித்துவிட்டால் இன்னும் நல்லது. முதல் நாள் பரபரப்பில் கண்ணில் படாதது இரண்டாம் நாள் படும்.

ஹேம்குண்ட் சாகிப் போவதா வேண்டாமா என்பது உங்கள் காலையும் நுரையீரலையும் பொறுத்தது. காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,300 மீட்டர் ஏற வேண்டும். மேலே ஏரிக்கரையில் சீக்கியர்களின் குருத்வாரா, உயரம் 4,329 மீட்டர். இரவு தங்க முடியாது, அன்றே இறங்க வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கில் எளிதில் பார்க்க முடியாத இரண்டு பூக்களை நல்லபடியாகப் பார்க்க அந்தப் பாதைதான் இடம். ஒன்று நீலப் பாப்பி. பாறை இடுக்கில் தனியாக நிற்கும். தண்டெல்லாம் முள். இதழ் கசங்கிய பட்டுத்துணி மாதிரி மெல்லியது, வான நீலம், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. இன்னொன்று பிரம்ம கமலம், உத்தராகண்டின் மாநிலப் பூ. நம் ஊரில் ராத்திரி பூக்கும் கள்ளிச்செடி ஒன்றை இதே பெயரில் வளர்க்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மலைமேல் இருப்பது சூரியகாந்திக் குடும்பம். வெளியே இதழ் மாதிரி தெரியும் வெளிர்பச்சை உறைகள் காகிதம் போல ஒளியை உள்ளே விடும். அதற்குள் கருஊதாப் பூக்கள் குளிர் படாமல் கதகதப்பாக உட்கார்ந்திருக்கும். ஏறி வந்தவர்களுக்கு குருத்வாராவில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் இலவசமாகத் தருகிறார்கள். அந்தக் குளிரில் அந்தக் கிச்சடி நம் வீட்டு அரிசிம்பருப்புச் சோறு மாதிரியே உள்ளே இறங்கும்.

இப்போது அம்மா. பூங்காவுக்குள் கழுதைக்கு அனுமதி இல்லை. காங்கரியா வரைக்கும் கழுதையில் வந்துவிடலாம், அதற்கு மேல் நடக்க வேண்டும் அல்லது கண்டியில் போக வேண்டும். மூட்டு வலி உள்ளவருக்கு ஈரக் கல்பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கழுதை மேல் ஐந்தாறு மணி நேரம் உட்கார்வதும் இடுப்புக்கு நல்லதல்ல. என் கருத்து, அம்மாவைக் காங்கரியாவுக்கு ஏற்ற வேண்டாம். அவருக்கு இதே பாதையில் வேறு பெரிய காரணம் இருக்கிறது. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் மூன்று இந்தச் சாலையிலேயே வருகின்றன. தேவப்பிரயாகைதான் கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட் திருப்பிருதி, கோவிந்த்காட்டைத் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டரில் பத்ரிநாத், ஆழ்வார்கள் பாடிய வதரி. மூன்று ஊருக்கும் கார் போகும். அம்மாவுக்குத் துணையாகச் சின்னம்மாவையோ மாமாவையோ ஒருவரைச் சேர்த்துக் கூட்டிப்போங்கள். நீங்கள் மூவரும் மலையேறும் நாட்களில் அவர்கள் இருவரும் ஜோஷிமட்டில் நல்ல அறையில் இருந்தபடி கோயிலைப் பார்க்கட்டும். நீங்கள் இறங்கி வந்ததும் எல்லோரும் சேர்ந்து பத்ரிநாத் போகலாம். பத்ரியும் மூவாயிரம் மீட்டருக்கு மேல்தான், அதனால் ரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ இருந்தால் கிளம்பும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். பத்ரிநாத்துக்கும் ஹேம்குண்டுக்கும் போகிறவர்கள் உத்தராகண்ட் சுற்றுலாத் துறையில் முன்பதிவு செய்ய வேண்டும். எல்லோர் பெயரையும் ஆதாரோடு பதிந்து, ஒரு தாளில் அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பூக்களை வளர்க்கும் அதே மழைதான் சாலையையும் அறுக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் ரிஷிகேஷிலிருந்து பத்ரி வரைக்கும் ஏதாவது ஓரிடத்தில் மண் சரிந்து சாலை அடைபடுவது வழக்கமான விஷயம். சில மணி நேரத்தில் திறக்கும், சில சமயம் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 2013 ஜூன் வெள்ளத்தில் கோவிந்த்காட்டும் காங்கரியாப் பாதையும் பெரிய சேதம் கண்டன. ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டன. பயப்படச் சொல்லவில்லை, ஆனால் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளைக் காலியாக விடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் நகராதீர்கள். ஓட்டுநர் உள்ளூர் மலைக்காரராக இருக்கட்டும். அவர் போக வேண்டாம் என்றால் போக வேண்டாம். ஆக மொத்தம் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குப் பத்துப் பதினோரு நாள் ஆகும். ஏழு நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இரண்டு காலி நாளையும், பள்ளத்தாக்கின் இரண்டாம் நாளையும்தான் வெட்டியிருப்பார்கள்.

துணிமணி விஷயத்தில் பனியன் ஊர்க்காரருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. பருத்தி அங்கே உதவாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உங்கள் கம்பெனியிலேயே ஓடும் பாலியஸ்டர் விளையாட்டுத் துணியில் ஆளுக்கு மூன்று செட், மேலே ஒரு கம்பளி, அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே இறங்கும் மழைக்கோட்டு. ஷூவை இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கிப் போட்டு நடந்து பழக்குங்கள். புது ஷூவோடு புல்னாவில் இறங்கினால் காங்கரியா போவதற்குள் குதிகால் கொப்பளித்துவிடும். ஊன்றுகோல் கோவிந்த்காட்டிலேயே கிடைக்கும். பணத்தை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது. ஒரு டப்பா பருப்புப்பொடி இருந்தால் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. உயர நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை பலர் சாப்பிடுகிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

உடம்பைத் தயார் செய்ய ஜிம் தேவையில்லை. சென்னிமலை இருக்கிறதே, 1,320 படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் ஏறி இறங்குங்கள். முதல் மாதம் வெறுங்கையோடு, அடுத்த மாதம் மகள் தன் பையைத் தானே சுமந்துகொண்டு. நிற்காமல் பேசிக்கொண்டே ஏற முடிகிறது என்றால் பள்ளத்தாக்குக்குத் தயார். ஹேம்குண்டுக்கு ஒரே காலையில் இரண்டு முறை ஏற வேண்டும்.

கண்ணையும் பழக்க வேண்டும், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றும் தெரியாமல் போனால் ஐந்நூறு வகைப் பூவும் அரை மணி நேரத்தில் ஒரே பச்சையும் ரோஸுமாகத் தெரிய ஆரம்பிக்கும். கோடை மழை பெய்து பத்து நாள் கழித்து மகளைக் காங்கயம் பக்கம் ஒரு கொரங்காட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போங்கள். கிளுவை வேலியடியில் தும்பை, நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி என்று தரையோடு கிடக்கும். ஒரு பூவைப் பறிக்காமல் குனிந்து பார்த்து, இதழ் எத்தனை, இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா, எந்தப் பூச்சி வருகிறது என்று ஒரு நோட்டில் வரையச் சொல்லுங்கள். பத்து ரூபாய் பூதக்கண்ணாடி ஒன்று போதும். இந்தப் பழக்கம் வந்த பிள்ளைக்கு இமயமலையில் நீங்கள் எதையும் காட்ட வேண்டியதில்லை, அவளே உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அங்கேயும் பறிக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்த நான்கு மாதப் பருவத்தில் ஒரு செடி போடும் விதை அந்த ஒரு பூவில்தான் இருக்கலாம்.

எப்படிப் பார்த்தாலும் மே மாதம்தான் முடியும் என்றால் இமயத்தில் வேறு பூ இருக்கிறது. சிக்கிம் மாநிலம் வடக்கே யும்தாங் பள்ளத்தாக்கு, 3,500 மீட்டருக்கு மேல். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை ரோடோடென்ட்ரான் மரங்களும் புதர்களும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பூக்கும். அதற்காகவே அங்கே ஒரு சரணாலயம் இருக்கிறது. பள்ளத்தாக்கு வரைக்கும் வண்டி போகும் என்பதால் அம்மாவும் வரலாம். பாக்டோக்ரா வரைக்கும் விமானம், அப்புறம் கேங்டாக், லாச்சுங். வடக்கு சிக்கிமுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2023 அக்டோபர் தீஸ்தா வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சாலைகள் அடிக்கடி மூடப்படுகின்றன, அதனால் கேங்டாக்கில் விசாரித்து உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

பக்கத்திலேயே நீலகிரி இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், மூணாறு பக்கத்து ஆனைமுடி 2,695. இமயத்தில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு இவை எட்டாது. ஆனாலும் உச்சிப் புல்வெளிகளில் மார்கழி தையில் உறைபனி விழுவதால் அங்கே வாழும் செடிகளில் பல இமயத்துச் செடிகளின் நெருங்கிய உறவு. நம் மலையின் சிவப்பு ரோடோடென்ட்ரான் இமயத்து வகையின் கிளை இனம். தையிலிருந்து பங்குனிக்குள் பார்க்கலாம். இம்பேஷன்ஸ் வகைகள் நம் மேற்கு மலைகளில் ஏராளம், பல வேறெங்கும் கிடையாது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் ஈரப் பாறைகளிலும் சாலையோர நீர்க்கசிவிலும் அவற்றைத் தேடலாம். புல்வெளியின் ஈர மண்சரிவில் பூச்சி தின்னும் பனித்துளிச் செடி நிற்கும். இலை நுனி ரோமங்களில் பசைத்துளி மின்னும், அதில் ஒட்டிய கொசு இன்னும் காலை அசைத்துக்கொண்டிருக்கும். மகள் அதைப் பார்த்தால் நகர மாட்டாள்.

ஊட்டி மே மாத மலர்க் காட்சி தோட்டக் கலைக்கான விழா, காட்டுப்பூவுக்கு அங்கே இடமில்லை. மலைச் சரிவுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் முட்புதரும் துடைப்பப்புதரும் ஐரோப்பாவிலிருந்து வந்து நம் புல்வெளியை விழுங்குபவை. அழகாக இருக்கிறதே என்று அதன் முன் நின்று படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உண்மையான புல்வெளி பார்க்க வனத்துறை வண்டியில் அவலாஞ்சி போங்கள். நடக்க விருப்பம் என்றால் 2024-ல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிந்து வழிகாட்டியோடு போகலாம். தீப்பிடிக்கும் கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள். நீலகிரிக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு ஏற்றது உடுமலை வழி. ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர் தாண்டி மூணாறு, அங்கிருந்து எரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை. வனத்துறை பஸ்ஸிலேயே மேலே விடுவார்கள், பிறகு தார்ச்சாலையில் மெதுவாக நடக்கலாம், வரையாடு பக்கத்திலேயே மேயும். அவை குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் மூடியிருக்கும். 2018-ல் அங்கே நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. அப்போது உங்கள் மகள் பெரிய வகுப்பில் இருப்பாள். தேர்வு பார்த்து இப்போதே அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரைக் குறித்து வையுங்கள்.

இந்த மே விடுமுறையில் செய்ய வேண்டியது முன்பதிவு. ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, ஆடிப் பயணத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் கண் வையுங்கள். விமானம் என்றால் மே மாதமே எடுத்துவிடலாம்; போகும் டிக்கெட்டை மலிவாகவும் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகவும் எடுங்கள். காங்கரியாவில் அறைகள் குறைவு, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்கள் முதலில் நிரம்பும். அதை முதலில் பிடித்துவிட்டு, மற்ற ஊர்களின் அறைகளை அதற்கு ஏற்றபடி பின்னோக்கி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.